கங்கைகொண்ட சோழன் வெள்ளிக்காசு: உருவம், வரலாறு, மதிப்பு

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. அந்த நகரை உருவாக்கிய முதலாம் இராஜேந்திரன் 1012இல் இளவரசுப் பட்டம் ஏற்று, 1014 முதல் 1044 வரை தனியரசு செலுத்தியவன். வடதிசைப் படையெடுப்பு வென்றதும் ‘கங்கைகொண்ட சோழன்’ என்ற பட்டத்தைச் சூடினான். அந்தப் பட்டம் தலைநகருக்குப் பெயரானது, கோயிலுக்குப் பெயரானது, காசிலும் ஏறியது. பொன்னிலும் வெள்ளியிலும் ‘கங்கைகொண்ட சோழ’ என்ற எழுத்துப் பொறித்த காசுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கோயிலைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. காசைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை வெள்ளிக்காசை எடுத்துக்கொள்கிறது. அதன் முகப்பில் உள்ள உருவங்கள் எப்படி வந்து சேர்ந்தன, சோழர் காலத்தில் வெள்ளி ஏன் அருகியே புழங்கியது, இன்று சேகரிப்பாளர்கள் இதற்கு எதைக் கொண்டு மதிப்புப் போடுகிறார்கள், எதைக் கொண்டு போட வேண்டும் என்பவை இங்கே ஆராயப்படும் கேள்விகள். காசின் உருவ வரலாறும் சந்தை மதிப்பும் இரண்டு தனித்தனி விஷயங்களாகவே பேசப்பட்டு வருகின்றன. இரண்டையும் தாங்கி நிற்பது ஒன்றே: அந்தக் காசு எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி. அதை இழந்தால் ஆய்வாளருக்கும் நட்டம், சேகரிப்பாளருக்கும் நட்டம்.

புலியோடு மீன் சேர்ந்த காலம்

சோழர் காசின் உருவ வரலாறு தெளிவாகத் தொடங்குவது இராஜேந்திரனின் தந்தை இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனிடத்தில். செம்பியன் மாதேவியின் மகனான இவன் 10ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் 985 வரை ஆண்டான். இவனுடைய பொற்காசு ஒன்றை சர் வால்டர் எலியட் தம் ‘தென்னிந்தியக் காசுகள்’ என்ற ஆங்கில நூலில் கோட்டோவியமாகத் தந்திருக்கிறார். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த எலியட், முதுமையில் கண்பார்வையை இழந்த பிறகு அந்த நூலை முடித்தவர். அந்தப் பொற்காசை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அந்தக் கோட்டோவியத்தின் வழியாகத்தான். அமர்ந்த புலி, அதன் எதிரே மீன், சுற்றிலும் மன்னன் பெயர், விளிம்பில் மணி வரிசை என்பது அதன் அமைப்பு.

புலி சோழர் சின்னம், மீன் பாண்டியர் சின்னம். முதலாம் பராந்தகன் மதுரையை வென்று ‘மதுரைகொண்ட’ என்ற அடைமொழியைச் சூடியதிலிருந்து பாண்டிய நாட்டின் மீதான உரிமையைச் சோழர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. மீனைப் புலியின் முன்னால் வைத்தது அந்த உரிமைக்கான அறிவிப்பு. ஆகவே சோழர் காசின் முகப்பு முதலிலிருந்தே அரசியல் பேசுகிறது. எந்த நாடு யாருக்குக் கீழே என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வான்.

இராஜராஜன் காலத்தில் வில் வந்து சேர்கிறது. வில் சேரர் சின்னம். சேர நாட்டுக் காந்தளூர்ச்சாலைப் போரை இராஜராஜனின் தொடக்ககாலக் கல்வெட்டுகளே குறிப்பிடுகின்றன. இதன் பிறகு வந்த காசுகளில் புலி, மீன், வில் மூன்றும் ஒரே முகப்பில் நிற்கின்றன. மூவேந்தர் சின்னங்கள் ஒன்றாக இருப்பதால் மூவர் ஒற்றுமையைக் காட்டும் காசு என்று சிலர் மேடையில் பேசுவதுண்டு. அமைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. புலிதான் நடுவில் பெரிதாக அமர்ந்திருக்கிறது. மீனும் வில்லும் அதன் பக்கத்தில் சிறிதாக நிற்கின்றன. இது வெற்றியின் வரிசை.

ஈழத்திலிருந்து வந்த இன்னொரு உருவம்

இதே காலத்தில் முற்றிலும் வேறான ஓர் உருவமும் சோழர் காசில் புகுந்தது. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன், அவன் கையருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர். இராஜராஜன் 993 வாக்கில் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றினான். அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பொற்காசின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினான். புதிதாகப் பிடித்த நாட்டில் மக்கள் நம்பி வாங்கிய காசின் முகத்தை மாற்றாமல் வைத்தது தேர்ந்த நிர்வாக அறிவு.

இந்த உருவத்தில் செம்புக் காசுகள் மிகப் பெரும் அளவில் அடிக்கப்பட்டன. காவிரிப் படுகை முழுவதும் அவை இன்றும் கிடைக்கின்றன. ‘ராஜராஜன் காசு’ என்று கடைவீதியில் விற்பது பெரும்பாலும் இதுதான். பின்னால் 1070 வாக்கில் பொலன்னறுவையை மீட்ட விஜயபாகுவும், அவனுக்குப் பின் வந்த பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி முதலிய ஈழத்து ஆட்சியாளர்களும் இதே நிற்கும் மனிதன், அமர்ந்த மனிதன் வடிவத்திலேயே தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். சோழர்கள் எடுத்துச் சென்று பெருக்கிய வடிவம் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து இன்னும் 200 ஆண்டுகள் வாழ்ந்தது.

ஆக இராஜேந்திரன் அரியணை ஏறியபோது அவன் முன் இரண்டு மரபுகள் இருந்தன. மனித உருவக் காசு அன்றாடச் சில்லறையாகச் செம்பில் ஓடியது. புலிச் சின்னக் காசு பொன்னிலும் வெள்ளியிலும் அரசின் பெருமையைச் சுமந்தது. ‘கங்கைகொண்ட சோழ’ என்ற பட்டத்தைப் பொறிக்க அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

காசும் செப்பேட்டு முத்திரையும்

அந்த வெள்ளிக்காசு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போம். எடை மூன்றரை, நான்கு கிராமை ஒட்டி இருக்கும். நடுவில் அமர்ந்த புலி, முன்னங்கால்கள் ஊன்றி, வால் மேலே வளைந்திருக்கிறது. அதன் ஒரு பக்கம் மீன், மறுபக்கம் நிமிர்த்திய வில். தலைக்கு மேலே குடை. குடையின் இருபுறமும் கவரிகள். அடியில் நாகரி எழுத்தில் பட்டப்பெயர். நல்ல காசாக இருந்தால் விளிம்பில் புள்ளி வளையத்தின் ஒரு பகுதியும் தெரியும். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மறுபக்கத்திலும் இதே அமைப்புத்தான்.

இந்த அமைப்பை வேறு ஓரிடத்திலும் பார்க்கிறோம். இராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் வெளிப்பட்டன. 31 ஏடுகளைக் கோத்த வளையத்தின் மேல் ஒரு பெரிய முத்திரை. அதில் அமர்ந்த புலி, இரண்டு மீன்கள், வில், குடை, கவரிகள், விளக்குகள், சுற்றிலும் வடமொழி வாசகம். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த கொடையை இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற அந்த ஏடுகளின் முத்திரையிலும் இதே சின்னங்கள். 1987இல் எசாலத்தில் கிடைத்த செப்பேட்டிலும் இதே மரபு தொடர்கிறது.

அரசாணை செல்லும் என்பதற்கு முத்திரை சாட்சி. அந்த முத்திரையைச் சுருக்கிக் காசில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு ஊருக்கு வரி விலக்குக் கொடுத்த ஆணையை உறுதிசெய்த அதே அடையாளம், சந்தையில் கைமாறிய வெள்ளித் துண்டையும் உறுதிசெய்தது. முத்திரையின் பரப்பு உள்ளங்கை அளவு. காசின் பரப்பு கட்டைவிரல் நுனி அளவு. இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் குடை, கவரி, புலி, மீன், வில், எழுத்து எல்லாவற்றையும் இடித்துக்கொள்ளாமல் அடக்கிய அக்கசாலைத் தச்சனின் கைத்திறனை மெச்சாமல் இருக்க முடியாது. அச்சை அவன் தலைகீழாக, இடம் வலம் மாற்றிக் குழிவாகச் செதுக்க வேண்டும். அடித்து எடுத்த பிறகே அது நேராகவும் புடைப்பாகவும் தெரியும்.

எழுத்து ஏன் நாகரியில் இருக்கிறது என்ற கேள்வி அடிக்கடி எழும். சோழர் கல்வெட்டுகள் தமிழிலும், வடமொழிப் பகுதிகள் கிரந்தத்திலும் இருக்கின்றன. காசு மட்டும் நாகரியைப் பெரிதும் பயன்படுத்தியது. காசு செல்லும் எல்லை கல்வெட்டின் எல்லையைவிடப் பெரியது என்பதே இதற்கு நான் ஏற்கும் விளக்கம். ஈழம், வேங்கி, கலிங்கம், கடல் கடந்த துறைமுகங்கள் எல்லாவற்றிலும் படிக்கப்பட வேண்டிய பெயர் அது. இதே ஆண்டுகளில் இந்தியாவின் மறுகோடியில் கஜினி மகமூது 1027–28இல் லாகூரில் அடித்த வெள்ளிக்காசின் ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் வடமொழி. மதம் வேறு, நாடு வேறு. ஆனால் தன் பெயர் அறிமுகமில்லாத கைகளிலும் செல்ல வேண்டும் என்ற கவலை இருவருக்கும் ஒன்றே.

காலக்கணிப்புக்கும் இந்தப் பட்டம் உதவுகிறது. கங்கைப் படையெடுப்பு 1022–23 வாக்கில் நடந்தது. எனவே ‘கங்கைகொண்ட சோழ’ என்று பொறித்த எந்தக் காசும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘ஸ்ரீ ராஜேந்திர’ என்று மட்டும் பொறித்த காசுகளும் உண்டு. இரண்டில் எது முந்தியது, எவ்வளவு காலம் இரண்டும் சேர்ந்து புழங்கின என்பதைக் காசை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பானையில் கிடைத்து, ஒன்று நன்றாகத் தேய்ந்தும் இன்னொன்று புதிதாகவும் இருந்தால் வரிசை தெரிந்துவிடும். தேய்ந்தது முன்னால் புழங்கியது. ஒரு புதையலைப் பிரித்து நான்கு கடைகளில் விற்றுவிட்டால் இந்தச் சான்று திரும்ப வராது.

ஆந்திரத்தின் தவளேசுவரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோதாவரிக் கரையில் இருக்கும் அந்த ஊரில் கிடைத்த பொற்காசுப் புதையலில் கீழைச் சாளுக்கிய இராஜராஜ நரேந்திரன் காசுகளும் சோழர் காசுகளும் ஒன்றாக இருந்தன. இராஜராஜ நரேந்திரன் இராஜேந்திரனின் தங்கை குந்தவையின் மகன். இராஜேந்திரன் மகள் அம்மங்கையை மணந்தவன். கங்கையிலிருந்து திரும்பிய படையை இராஜேந்திரன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உறவு, படைவழி, வணிகவழி மூன்றும் அந்த ஒரு பானைக்குள் தெரிகின்றன. சென்னை அருங்காட்சியகம் அந்தப் புதையலை முழுமையாக ஆராய்ந்து 1966இல் நூலாக வெளியிட்டதால்தான் நாம் இதைப் பேச முடிகிறது. காசுகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் அவை வெறும் தங்கம்.

வெள்ளி ஏன் அரிது

சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் கழஞ்சு, பொன், மாடை, காசு, பழங்காசு, ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று பலவகைப் பெயர்கள் வருகின்றன. மாடை ஒரு கழஞ்சு எடையுள்ள பொற்காசு. காசு அதில் பாதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம், என்று ஊர்ச்சபைகளுக்குக் கடன் கொடுத்த கணக்குகள் உள்ளன. நந்தாவிளக்கு எரிக்கப் பொன்னையோ ஆடுகளையோ கொடுத்தார்கள். பெரிய கணக்குகள் பொன்னிலும் நெல்லிலும் நடந்தன. சிறிய கணக்குகள் செம்பில் நடந்தன. வெள்ளி இடையில் ஓர் ஓரத்தில் நின்றது.

தென்னாட்டில் சொல்லும்படியான வெள்ளிச் சுரங்கம் இல்லை. வெள்ளி கடல் வணிகத்தின் வழியாக வெளியிலிருந்து வர வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் நடு ஆசியாவிலும் மேற்காசியாவிலும் வெள்ளிக்கே பஞ்சம் வந்திருந்தது. அங்கே அடித்த வெள்ளிக்காசுகளிலும் செம்புக் கலப்பு ஏறிக்கொண்டே போனது. சோழர் வெள்ளிக்காசுகள் பலவற்றிலும் செம்புக் கலப்பு உண்டு. நெடுங்காலம் மண்ணில் கிடந்தவற்றின் மேல் பச்சைக் களிம்பு படர்வதற்கு அந்தக் கலப்பே காரணம். சீனத்தோடு வணிகம் இருந்தும் அங்கிருந்து வந்தது செம்புக்காசுதான். பழைய தஞ்சை மாவட்டத்துத் தளிக்கோட்டையிலும் ஒலயக்குன்னத்திலும் சீனச் செம்புக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

இந்தப் பின்னணியில் வெள்ளியில் காசு அடித்தது அன்றாடத் தேவைக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. அரசின் பட்டத்தைப் பறைசாற்றவும், பொன்னுக்கும் செம்புக்கும் நடுவில் ஓர் இடைநிலைக் காசாக நிற்கவும் அது பயன்பட்டிருக்க வேண்டும். சேகரிப்பாளர் சந்தையில் இன்று செம்பு ராஜராஜன் காசு எளிதாகக் கிடைப்பதற்கும், ‘கங்கைகொண்ட சோழ’ வெள்ளி அபூர்வமாக இருப்பதற்கும் காரணம் 1000 ஆண்டுகளுக்கு முந்திய இந்தப் பொருளாதாரமே.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் வெள்ளி

பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் பாட்டி காலத்துப் பெட்டியிலிருந்து வெள்ளிக்காசு ஒன்று எடுத்தால் அது சோழர் காசாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சோழருக்குப் பிறகு விசயநகரம், நாயக்கர் காலங்களிலும் பொன்னும் செம்பும்தான் ஓங்கி நின்றன. வெள்ளி ரூபாய் இந்தப் பகுதிக்குள் வலுவாக வந்தது ஆற்காட்டு நவாபு ஆட்சியோடு. 1751இல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் நவாபு பதவிக்காக ஒருபுறம் முகமது அலியும் ஆங்கிலேயரும், மறுபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். இரு தரப்புப் படைகளுக்கும் சம்பளமாகப் போனது ஆற்காட்டு ரூபாய்.

அந்த ரூபாயை நவாபு அடித்தார், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தனர், ஆங்கிலேயர் சென்னையில் அடித்தனர். மூன்றிலும் பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் பெயர். சின்ன அடையாளத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்: பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. சென்னை ரூபாயில் பேரரசர் இறந்த பிறகும் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் மாறாமல் அடிக்கப்பட்டு வந்தன. எனவே காசில் உள்ள ஆண்டை அப்படியே எடுத்துக்கொண்டு வயது சொல்பவர் ஏமாறுவார்.

1807–08இல் சென்னை அக்கசாலை புதிய இயந்திரத்தில் அடித்த அரை வராகன் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் விஷ்ணுவும், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் ‘அரை பூவராகன்’ என்ற வாசகமும் உண்டு. கோபுரத்தைக் காசில் ஏற்றிய அழகுக்காகவே சேகரிப்பாளர்கள் இதைத் தேடுகிறார்கள். அக்காலச் சென்னைக் காசுகள் சிலவற்றில் ஸ்பானிய டாலரின் பழைய எழுத்து அடியில் தெரியும். டாலரை உருக்காமலேயே அதன் மேல் புது அச்சை அடித்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் அரசின் ரூபாய் 11.66 கிராம் எடை. 1939 வரை 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் 1945 வரை 50 சதவீதம் மட்டுமே. பிறகு நிக்கல் வந்தது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் உருவத்தால் மதிப்பு மாறியதற்குத் தெளிவான சான்று. மன்னர் அங்கியில் இருந்த சிறிய யானை பன்றியாகத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, 1912இல் அச்சு திருத்தப்பட்டது. பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டதால் ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் பெற்ற 1911 காசுக்கு அடுத்த ஆண்டுக் காசைவிடக் கூடுதல் விலை. எடை ஒன்று, வெள்ளி ஒன்று. யானையின் தும்பிக்கை விலையை மாற்றியது.

மதிப்பு எதில் இருக்கிறது

சோழர் வெள்ளிக்கு மதிப்புப் போடும்போது சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது எழுத்தை. பட்டப்பெயர் முழுமையாகப் படிக்க முடிகிறதா, பாதிதான் தெரிகிறதா என்பதில் விலை பலமடங்கு மாறும். அடுத்து அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. கையால் அடித்த காசில் அச்சு ஓரம் சாய்வது சகஜம். புலி நன்றாக இருந்து எழுத்து விளிம்புக்கு வெளியே போயிருந்தால் அந்தக் காசை யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, விலையும் இறங்கும். பிறகு தேய்மானம், களிம்பின் தன்மை, விளிம்பில் வெட்டுக்குறி, துளை. தாலியிலோ அரைஞாணிலோ கோக்கத் துளையிட்ட காசுகள் பல கிடைக்கின்றன. துளை விலையைக் குறைக்கும். ஆனால் அந்தக் காசு புழக்கத்தை விட்டு நகையாக வாழ்ந்த கதையை அது சொல்கிறது.

உலோகத்தைச் சோதிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு முறை இருக்கிறது. நகைக்கடைத் தராசில் காசை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் தரையைத் தொடாமல் மூழ்கவிட்டுக் குவளையின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு கிராம் சுத்த வெள்ளியானால் 0.38 கிராம் கூடும். சுத்தச் செம்பானால் 0.45. பாதிக்குப் பாதி கலப்பானால் 0.41. வேறுபாடு சிறியது என்பதால் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருந்தால் நல்லது. வெள்ளி முலாம் பூசிய செம்பும், ஈயம் வார்த்த போலியும் இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வார்ப்புப் போலியை உருப்பெருக்கியிலும் பிடிக்கலாம்: பரப்பில் நுண்ணிய குழிகள், விளிம்பில் இரண்டு அச்சு சேர்ந்த கோடு, எழுத்தின் ஓரங்களில் மழுக்கம். அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும்.

காசைக் கெடுப்பதில் போலிக்கு அடுத்தபடியாக நிற்பது சுத்தம் செய்யும் ஆசை. புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி என்று எதைக் கொண்டு தேய்த்தாலும் களிம்போடு எழுத்தும் போய்விடும். செம்பு கலந்த வெள்ளியின் மேற்பரப்பு மிக மெலிந்தது. ஒருமுறை தேய்த்தால் அது மீளாது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் தேய்த்துப் பளபளக்கும் காசைவிடக் களிம்பேறிய காசையே விரும்பி வாங்குவார்.

இவை எல்லாம் காசுக்குள் தெரியும் மதிப்பு. காசுக்கு வெளியே இருக்கும் மதிப்பைச் சந்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே தரத்தில் இரண்டு ‘கங்கைகொண்ட சோழ’ வெள்ளிக்காசுகள் விற்பனைக்கு வந்தால், ஒன்று எங்கே கிடைத்தது என்ற செய்தி எதுவும் இல்லாமலும், மற்றொன்று கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய உட்கோட்டையிலோ மெய்க்காவல்புத்தூரிலோ உழுத நிலத்தில், இன்ன பானையோட்டோடு கிடைத்தது என்ற பதிவோடும் வந்தால், இரண்டுக்கும் ஒரே விலைதான் போகிறது. பதிவுள்ள காசு மாளிகைமேட்டு அகழாய்வோடு, செங்கல் சுவர்களோடு, கூரை ஓடுகளோடு, சீனப் பீங்கானோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. பதிவில்லாத காசு ஒரு நல்ல படம், அவ்வளவே. உலகின் பெரிய ஏலச் சந்தைகளில் பழைய சேகரிப்பு வரலாறு உள்ள காசுக்குக் கூடுதல் விலை தருவது வழக்கமாகிவிட்டது. நம் சேகரிப்பாளர்களும் அதைத் தொடங்க வேண்டும்.

சட்டம் சொல்வது

இந்தப் பேச்சு சட்டத்தைத் தாண்டி நிற்க முடியாது. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமை கோர வேறு யாரும் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு. இருவருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கலாம். மறைத்தால் பங்கு பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. புதையல் கிடைத்தால் எல்லாம் அரசுக்கே போய்விடும் என்று பயந்து காசை உருக்குபவர்கள் இந்தப் பங்கு விவரத்தை அறிந்தால் முடிவு மாறும்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தனியாருக்கு அனுமதி இல்லை.

ஆனால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு 19ஆம் நூற்றாண்டின் கணக்கு. வெள்ளி நான்கு கிராமின் விலையும் அதன் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால், அந்தக் காசுக்குச் சேகரிப்பாளர் தரும் தொகைக்கு அருகில்கூட வராது. நேர்மையாகக் கொண்டுவந்து கொடுப்பவர் நட்டப்படும் ஏற்பாடு நேர்மையை வளர்க்காது. இங்கிலாந்தில் புதையல் கண்டெடுப்பவருக்குச் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு வெகுமதி தருகிறார்கள். சட்டப்படி புதையல் ஆகாத கண்டெடுப்புகளையும் பதிவு செய்ய ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. அங்கே உழவரும் பொழுதுபோக்குத் தேடுநரும் கொண்டுவந்து பதிந்த காசுகளால் பல புதிய செய்திகள் வெளிவந்திருக்கின்றன. நம் சட்டம் அந்தத் திசையில் திருத்தப்பட வேண்டும்.

இனி என்ன செய்ய வேண்டும்

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இந்திய அரசு 35 கிராம் எடையில் 80 சதவீத வெள்ளியில் 1000 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டது. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் இராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். புது நாணயங்களை வாங்கிப் பத்திரப்படுத்துவோர் பலர். அவர்களுக்கும், உழும்போது பழைய காசு கிடைக்கும் உழவருக்கும், நகைக்கு மாற்றாக வரும் பழங்காசை வாங்கும் கடைக்காரருக்கும் ஒரே வேண்டுகோள்: தேய்க்காதீர்கள், உருக்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்து இருபக்கமும் படம் எடுங்கள், எடையைக் குறியுங்கள், கிடைத்த ஊர், நிலம், நாள், உடன் கிடைத்தவை எல்லாவற்றையும் எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.

கல்லூரி வரலாற்றுத் துறைகள் ஊர் ஊராகச் சென்று வீட்டுப் பெட்டிகளில் உள்ள காசுகளைப் படமெடுத்து ஒரு மாவட்டப் பட்டியல் உருவாக்கலாம். காசு உரிமையாளரிடமே இருக்கட்டும், செய்தி பொதுவாகட்டும். 1968இல் பிடல்ஃப் சோழர் காசுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1981இல் இரா. நாகசாமியின் தமிழ்க் காசுகள் பற்றிய நூல் வந்தது. அவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் பெட்டிகளிலும் இருந்த, கிடைத்த இடம் தெரியாத காசுகளைக் கொண்டே அத்தனை செய்தி எடுத்தார்கள். இடம் தெரிந்த காசுகளின் பட்டியல் ஒன்று அடுத்த தலைமுறை ஆய்வாளர் கையில் இருந்தால், எந்தக் காசு முந்தியது, எந்தப் பாதையில் போனது, எந்தச் சந்தையில் நின்றது என்பவற்றை அவர்கள் ஊகமின்றிச் சொல்வார்கள்.

1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்தக் கற்களை இனி அடுக்க முடியாது. அதே நகரின் காசுகள் இன்னும் மண்ணிலும் பெட்டிகளிலும் இருக்கின்றன. அவற்றின் ஊர்ப்பெயரைக் காப்பாற்றுவது நம் தலைமுறையின் பொறுப்பு. ஒரு வெள்ளிக்காசின் விலையை அதன் எடை தொடங்கி வைக்கிறது, அச்சு உயர்த்துகிறது, கிடைத்த இடம் உறுதி செய்கிறது. இந்த மூன்றாவதற்கும் விலை கொடுக்கத் தயாராகும் நாளில்தான் சேகரிப்பு என்பது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாக மாறும்.